காலைக் கட்டி வைச்ச சாமி

ரோமாக்காரரைப் பற்றி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மொப்புத் தடியோட நிண்டு கேட்டது. நாலாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டவன் நான். லண்டனில ஒரு மியூசியத்தில பதினொரு வருசம் கிளீனிங் வேலை. கீழ்த்தட்டில ரோமாக்காரற்ற சாமான்களுக்கெண்டு பெரிய அறை ஒண்டு. அங்க வாற ஆக்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு வெள்ளைக்கார மனிசி இருந்தவ. ஒரே இடத்தில நிண்டு ஒரே கதையைத்தான் சொல்லுவா. என்ர இங்கிலீசு அரைகுறை. எண்டாலும் ஒரு கதையைப் பதினொரு வருசம் கேட்டால் மாட்டுக்கும் விளங்கும்.

ரோமாக்காரருக்கு எங்களை விடச் சாமியள் கூட. வாசலுக்கு ஒண்டு, கதவுப் பிணைச்சலுக்கு ஒண்டு, அடுப்புக்கு ஒண்டு. வீட்டுக்குள்ள சின்ன அலுமாரி மாதிரி ஒரு மாடம். அதுக்குள்ள வீட்டுச் சாமியள். சாப்பாட்டில ஒரு வாய் அவைக்குப் போகும். இல்ஃபோர்டில எங்கட பிளாட்டிலயும் சாமித்தட்டு பிரிட்ஜுக்குப் பக்கத்திலதான், வேற இடம் இல்லை. ஸ்மோக் அலாரம் அடிக்குமெண்டு என்ர மனிசி சாம்பிராணியை யன்னலுக்கு வெளியால பிடிக்கிறவ. அது வேற கதை.

ஈயத் தகடுகளும் கிடந்தது. களவு குடுத்தவன் சாமிக்கு எழுதிக் குடுக்கிறது. என்ர போர்வையை எடுத்தவன் தின்னக்கூடாது, படுக்கக்கூடாது, அவனுக்கு மூத்திரம் போகக்கூடாது. எழுதிச் சுருட்டி ஆணியும் அடிச்சுவிடுவினமாம்.

இதை நான் தங்கச்சிக்குச் சொன்னனான். தங்கச்சி எண்டு கூப்பிடுறதே தவிர சொந்தமில்லை. என்னோட கிளீனிங் செய்த யாழ்ப்பாணத்து மனிசி, வீடு ஈஸ்ட் ஹாமில. "நல்ல சாமியள் அண்ணை," எண்டவ. "எங்கட சாமியள் மாதிரி பிறகு பாப்பம் எண்டு விடாதுகள் போல."

அவவுக்கு அப்ப ஒரு தகடு தேவைப்பட்டதுதான். அவவின்ர மனிசன் பாரிசவாதம் வந்து கட்டிலில. வாயும் ஏலாது, ஒரு பக்கமும் ஏலாது. அவர் விடியப்புறம் நித்திரை கொள்ளேக்க இவ வந்து வேலையை முடிச்சிட்டு ஒன்பதரைக்கெல்லாம் வீட்ட போயிடுவா. நவம்பரில சுப்பவைசர் அவவின்ர ஷிப்டைப் பின்னேரத்துக்கு மாத்திப்போட்டான். பின்னேரம் மனிசன் முழிச்சிருந்து எழும்பப் பாப்பார். பாக்க ஒருத்தரும் இல்லை. மூண்டு தரம் போய்க் கேட்டவ. "ஷிப்ட் ரோட்டா போட்டாச்சு ஆன்ட்டி, முடியாது," எண்டு மூண்டு தரமும் அனுப்பினான்.

அவன் மலேசியாத் தமிழ்ப் பொடியன். இஞ்ச படிக்க வந்து, பேந்து கழுத்தில அடையாள அட்டைப் பட்டியோட சுப்பவைசராய் நிண்டிட்டான். முதல் நாள் நான் தம்பி எண்டு கூப்பிட, "சார்னு சொல்லுங்க அங்கிள்," எண்டவன். எனக்கு வலது முழங்கால் ஒப்பரேசன் செய்தது. அது தெரிஞ்சும் ஒருநாள் பள்ளிப் பிள்ளையள் வந்து நிக்கேக்க, "குனிஞ்சு சொரண்டுங்க, நின்னுக்கிட்டே என்னா வேலை?" எண்டு கண்ணாடிப் பெட்டிக்குக் கீழ ஒட்டின சூயிங் கம்மைச் சுரண்ட விட்டான். நான் முழங்காலில நிக்க, பிள்ளையளைப் பாத்து இங்கிலீசில சொன்னான், "இவர்தான் எங்கட ரோமன் அடிமை." பிள்ளையள் சிரிச்சுதுகள். ஒண்டு கைதட்டினது.

அந்த டிசம்பரில மியூசியத்துப் பெரியவ, எல்லாருக்கும் தலைவி, குட்டையான மனிசி, இந்த முறை ஸ்டாஃப் பார்ட்டியை சாட்டர்ன் எண்ட சாமியின்ர திருவிழா மாதிரிச் செய்வம் எண்டா. சாட்டர்ன் எண்டால் எங்கட சனீஸ்வரன். எங்கட சனியனுக்குக் கால் நொண்டி. அவையள் தங்கட சாமியின்ர காலைக் கம்பளி நூலால வருசம் முழுக்கக் கட்டி வைப்பினமாம். திருவிழாவுக்கு மட்டும் அவிட்டு விடுறது. அந்த நாளையில எசமான் அடிமைக்குச் சோறு போடுவான். அடிமை எசமானைப் பேசலாம். சீட்டுக் குலுக்கி ஒருத்தனை ராசாவாக்குவினம். அவன் சொன்னது சட்டம். பிள்ளையள் இல்லாமல் பெரிய ஆக்கள் வந்தால் மட்டும் விளக்கம் சொல்லுற மனிசி இன்னொண்டும் சொல்லுவா. எங்கயோ ஒரு பட்டாளத்தில, அந்த ராசாவுக்கு முப்பது நாள் கேட்டதெல்லாம் குடுத்து, முப்பதாம் நாள் அந்தச் சாமிக்கு முன்னாலயே கழுத்தை அறுத்தவையாம். மெய்யோ பொய்யோ தெரியாது எண்டும் சொல்லுவா.

பார்ட்டி மத்தியானம். சீட்டுக்குப் பதிலாய்க் கேக்குத் துண்டு ஒண்டுக்குள்ள ஒரு அவரைக் கொட்டை, அது ஆருக்கு வருகுதோ அவர்தான் ராசா. அது என்ர பொய்ப்பல்லில கடிபட்டது. மட்டையில செய்த கிரீடம் வைச்சு, சிவப்பு மேசைச்சீலையைத் தோளில போட்டு, என்னைக் கதிரையில இருத்தினவை. "ராசா, மூண்டு கட்டளை," எண்டா பெரியவ. "என்னெண்டாலும் செய்வம்."

தேத்தண்ணி ஊத்தச் சொன்னன். பெரியவவே ஊத்தினா. விளக்கம் சொல்லுற மனிசியை ஆடச் சொன்னன். ஆடினா. எல்லாரும் சிரிப்பு. எனக்கு உச்சியில ஏறிட்டுது.

தங்கச்சி கேக்குத் தட்டோட எனக்குப் பின்னால வந்து குனிஞ்சா. "அண்ணை, என்ர ஷிப்டைக் கேளுங்கோ. பெரியவவுக்கு முன்னால கேட்டால் அவனால மாட்டன் எண்டேலாது."

ஓம் எண்டு தலையாட்டினனான். கேக்கத்தான் வாயைத் திறந்தது. அங்கால அவன் கையைக் கட்டிக்கொண்டு நிண்டு சிரிச்சான். "அங்கிள் ராசா மாதிரியே இருக்கீங்க," எண்டான்.

"சுப்பவைசர் முழங்காலில நிக்கோணும்," எண்டு இங்கிலீசில சொன்னன்.

சனம் கைதட்டினது. அவனும் சிரிச்சுக்கொண்டு முழங்காலில நிண்டான்.

"கேக்கைக் கீழ சிந்து," எண்டன் தங்கச்சிக்கு.

"அண்ணை, வேண்டாம்."

"சிந்து எண்டுறன். நான் ராசா."

சிந்தினா. துண்டு துண்டாய், நிலத்தைப் பாத்துக்கொண்டு சிந்தினா. அவனைக் கையால பொறுக்கச் சொன்னன். பொறுக்கினான். "அதில ஒண்டு கிடக்கு, பார்," எண்டன். "இவர்தான் எங்கட ரோமன் அடிமை," எண்டும் சொன்னன். பெரியவவுக்குக் கண்ணீர் வரச் சிரிப்பு. பொய் சொல்ல ஏலாது, இந்த ஊரில நான் அப்பிடிச் சந்தோசப்பட்ட நாள் வேற இல்லை. மூண்டாவது கட்டளை அதோட முடிஞ்சுது.

அவன் எழும்பிக் காற்சட்டையைத் தட்டினான். என்னைப் பாக்கேல்ல. தங்கச்சியைப் பாத்தான்.

என்னைத் தொட அவனால ஏலாமப் போச்சு. கிரீடத்தோட நான் இருக்கிற படத்தைத் தேத்தண்ணி அறையில மாட்டிவிட்டினம். பெரியவ என்னைக் கண்ட நேரமெல்லாம், "குட் மோர்னிங், கிங்," எண்டா. ஜனவரியில தங்கச்சிக்குத்தான் இடமாற்றக் கடிதம் வந்தது, அவன்ர கையெழுத்தோட. குரொய்டனுக்கு அங்கால வேற கட்டிடம், வீட்டிலயிருந்து ஒன்றரை மணித்தியாலப் பயணம், வேலை இரண்டிலயிருந்து ஏழு மணி வரைக்கும். பெரியவவிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அவ எனக்கு முன்னால நிண்டு சிரிச்சவ. நானும் சிரிச்சிட்டு மொப்பைப் பிழிஞ்சனான். சொன்னால் அந்தச் சிரிப்பு நிண்டிடும் எண்டு பயம்.

மாசியில அவவின்ர மனிசன் எழும்பப் பாத்து விழுந்திட்டார். விழுந்தது மூண்டு மணிபோல இருக்குமாம். அவ வீட்ட வந்தது எட்டரைக்கு. இடுப்பெலும்பு முறிஞ்சு, மூத்திரத்துக்குள்ள கிடந்தவராம். அவ வேலையை விட்டிட்டா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குலை முந்திரிகைப்பழம் வாங்கிக்கொண்டு ஈஸ்ட் ஹாமுக்குப் போனனான். கோபமாக் கதைப்பா எண்டு நினைச்சன். "வாங்கோ அண்ணை, இருங்கோ," எண்டு தேத்தண்ணி போட்டுத் தந்தவ. முழங்கால் எப்பிடி எண்டு கேட்டவ. மனிசன் கட்டிலில மேலைப் பாத்துக்கொண்டு கிடந்தார்.

அவ அவற்ற காதுக்குக் கிட்டக் குனிஞ்சா. "இஞ்சருங்கோ, ஆர் வந்திருக்கினம் பாத்தீங்களே? நான் சொன்ன ராசா. கும்பிடுங்கோ."

அந்தாளின்ர ஏலாத கையை ஒரு கையாலயும் மற்றக் கையை மற்றதாலயும் தூக்கி, இரண்டையும் சேர்த்துப் பிடிச்சா. கன நேரம் அப்பிடியே பிடிச்சிருந்தா. அவர் என்னைப் பாத்தார். நான் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சனான்.