பூந்தொட்டி வைக்கிற இடம் இல்லைங்க அது

இன்னைக்கு சாரம் ஏரியாவுல ஒரு டீக்கடை வாசல்ல வண்டிய நிறுத்தினேன். என்னோட பழைய ஜெர்மன் பைக்தான். இன்ஜினோட ரெண்டு சிலிண்டரும் ஆளுக்கொரு பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குமே, அதே.

ஒருத்தர் வந்து சுத்திச் சுத்திப் பார்த்தார். பீச் பக்கம் புதுசா கஃபே திறக்கிறாராம்.

"குடுத்துடுங்க மேடம். வாசல்ல ஷோவுக்கு நிறுத்திக்கிறேன். இன்ஜின் ஓடலைன்னாலும் பரவால்ல."

"ஓடுதுங்க. கடலூர் போயிட்டு இப்பத்தான் வரேன்."

காதுலயே வாங்கல. "இங்க ஒரு பூந்தொட்டி வெச்சா எப்படி இருக்கும்!"னு கையில இருந்த பிளாஸ்டிக் கவரை சிலிண்டர் மேல வெச்சுக் காட்டினார்.

கவர் உருகி ஒட்டிக்கிச்சு. உள்ள இருந்த தக்காளியெல்லாம் ரோட்டுல உருண்டுச்சு.

"என்னங்க இவ்ளோ சூடு!"

"ஓடுற வண்டின்னு சொன்னேனே."

இந்த இன்ஜினை நானே பிரிச்சு, பிஸ்டன் ரிங் வர்ற வரைக்கும் மாசக்கணக்கா காத்துக் கிடந்து, நானே மாட்டினேன். செடிக்கு ஸ்டாண்டு ஆக்கவா? நான் இருக்கிற வரைக்கும் அது ரோட்டுலதான் இருக்கும்.

இப்போ உட்கார்ந்து கவரைச் சுரண்டிக்கிட்டு இருக்கேன். கீறல் விழாம எடுக்க வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விலை கேட்டு வர்றவங்க மட்டும், முதல்ல சிலிண்டர்ல கை வெச்சுப் பாருங்க.