வண்டி வர லேட்டாகும் என்றவன்

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். உப்பு டப்பாவை எங்கே வைப்பது என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அவர் கணவர் தீயணைப்பு வீரராக இருந்து காலமானவர். ஓய்வுபெற்ற வீரர்களின் குடும்பநலச் சங்கத்தில் இவர் இணைச் செயலாளர். சங்கத்தின் ஆண்டு மலருக்கு விளம்பரம் பிடிக்கவும் நன்கொடை கேட்கவும் ஒரு கம்பெனியை அமர்த்தியிருந்தார்கள். அதன் ஆட்கள் சங்கத்தின் பெயரில் கடைகளுக்குப் போன் செய்வார்கள். அவர்கள் ஒழுங்காகப் பேசுகிறார்களா என்று கண்காணிப்பது நாத்தனாரின் பொறுப்பு.

ஒருநாள் மருந்துக்கடைக்காரர் இவரை நிறுத்தி, உங்கள் ஆட்கள் போனில் மிரட்டுகிறார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனிக்கே போய்ப் பார்த்தார். இவர் தலையைக் கண்டதும் அத்தனை பேரும் எழுதிக்கொடுத்ததைத் தேன் ஒழுகப் படித்தார்கள். செயற்குழுவில் புகார் சொன்னார். அடுத்த கூட்டத்தில் நிரூபியுங்கள், முடியாவிட்டால் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளுங்கள் என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் என் தையல்கடை அவர் கண்ணில் பட்டது. கம்பெனிக்குக் கொடுக்கும் கடை நம்பர்களோடு என் நம்பரையும் சேர்த்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. போன் வந்ததும், ஞாயிறு காலை கூப்பிடுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று என்னைச் சொல்லவைத்தார். ஞாயிறு காலைதான் செயற்குழு. என்னையும் அங்கே இழுத்துக்கொண்டு போனார்.

கம்பெனி மேலாளரும் வந்திருந்தார். மேசை நடுவில் என் போன், ஸ்பீக்கரில். மணி அடித்தது. விளம்பரம் வேண்டாம் என்றேன்.

“நான் ஃபயர் ஸ்டேஷன்லேருந்துதான் பேசறேன் மேடம். நாளைக்கு உங்க கடையில தீப்பிடிச்சா வண்டி வர லேட்டாகும், பாத்துக்குங்க.”

சுற்றி இருந்தவர்களில் பாதிப்பேர் தீக்குள் போய் வந்தவர்கள். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனார் போன் பக்கம் குனிந்தார்.

“தம்பி, என் வீட்டுக்காரர் அந்த வண்டியில போனவரு. யார் கடை, என்ன குடுத்தாங்கன்னு ஒருநாளும் கேட்டதில்ல.”

தலைவரே எழுந்து போனை அணைத்தார். ஒப்பந்தத்தை அங்கேயே ரத்து செய்து, நாத்தனாரிடம் மன்னிப்பும் கேட்டார். இப்போது சங்கமே ஆள் வைத்து, சங்க அறையிலிருந்துதான் போன் போகிறது. நான் சம்பளத்துக்குப் பேசுகிற ஆள், வீரர் இல்லை, தராவிட்டாலும் பரவாயில்லை என்று பேசுகிறவர் எடுத்ததுமே சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் நாத்தனார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த வருட மலர் மெலிந்துதான் வந்தது. வெளியே காட்டக் கூச்சப்படுவார் என்று நினைத்தேன். அவரோ அதை அள்ளிக்கொண்டு, விளம்பரம் தந்தவர்கள், தராதவர்கள் எல்லார் கடைக்கும் தானே போய்க் கொடுத்தார். கூடவே நடந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.