மூணு சர்வரும் ஒரு கல்லும்

நான் சாமியவே வருஷத்துக்கு ஒரு தடவ கும்புடுற ஆளு. பேயி பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுவேன். நீங்க சிரிப்பீங்க, சிரிங்க. ஆனா இது நடந்தது பட்டப்பகல்ல, சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரில.

கடலூர்லேருந்து நானும் எம் பொண்டாட்டி தம்பி செல்வமும் வேலைக்குப் போயிருந்தோம். ஸ்கேன் படமெல்லாம் சேத்து வக்கிற பழைய மெஷின் சாகக் கெடக்கு, அதுக்குப் பதிலா மூணு புது சர்வர். மூணும் ஒண்ணோட ஒண்ணு பேசி ஒரே மெஷின் மாதிரி நிக்கணும், ஒண்ணு செத்தாலும் மத்தது தாங்கிக்கும். அன்னிக்கு சாயங்காலம் புவனகிரி அம்மா ஒருத்தங்களுக்குத் தலையில ஆபரேஷன். அவுங்க பழைய ஸ்கேன் அந்த மெஷினுக்குள்ள மாட்டிக்கிச்சு, புதுசுக்கு மாத்தித்தான் டாக்டரு பாக்க முடியும். புருஷன்காரரு கதவாண்டயே நின்னு "படம் வந்துடுச்சா சார்?"னு கேட்டுக்கிட்டே இருக்காரு.

மூணாவது சர்வர் மட்டும் சேரவே மாட்டேங்குது. ஒயர மாத்துனேன், எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போட்டேன், ஊஹூம். எரிச்சல்ல செல்வத்த அடிக்காத கொறதான். டீ குடிச்சிட்டு வந்து பாக்குறேன், சேந்துடுச்சு. ஆனா ஸ்கிரீன்ல நாலு சர்வர் காட்டுது.

"என்னடா பண்ண?"

"மூணா ஆரம்பிச்சா காரியம் வெளங்காது மாமா. அதான் நாலாவதா ஒரு கல்லு வச்சேன்."

பாத்தா, சர்வரெல்லாம் அடுக்கி வச்ச ரேக்குக்கு அடியில, வாசல்ல கெடந்த ஜல்லி ஒண்ணு. கண்டபடி திட்டி வெளிய வீசுனேன். நம்புனா நம்புங்க, ஒடனே மூணாவது புட்டுக்கிச்சு. அவன் மழையில ஓடி அதே கல்லத் தேடி எடுத்தாந்து வச்சான், சேந்துடுச்சு. அத யோசிக்க நேரமில்லன்னு படங்கள மாத்த ஆரம்பிச்சேன். ஆரம்பிச்ச வேகத்துல பழைய மெஷின் டொக்குன்னு நின்னு போச்சு, அந்தம்மா படம் வரவே இல்ல. அந்த மனுசன் மூஞ்சிய எப்படிப் பாக்குறதுன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்ப மாடியிலேருந்து டாக்டர் போன் பண்ணாரு. "படம் வந்துடுச்சுப்பா, நல்லா தெரியுது. ஆரம்பிக்கிறோம்."

எதுலேருந்து போச்சுன்னு பாத்தேன். நாலாவதுலேருந்து. ஒயர எண்ணிப் பாத்தேன், மூணுதான் இருக்கு.

அந்தம்மா பொழைச்சிக்கிட்டாங்க. சர்வீஸுக்குப் போறப்பல்லாம் மூணு சர்வருலயும் தேடுறேன், அவுங்க படம் எதுலயும் இல்ல. அவுங்க பேரப் போட்டுக் கேட்டா மட்டும் தொறக்குது. ரேக்க வேற ரூமுக்கு மாத்தணும்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க, நான் எதாச்சும் சாக்கு சொல்லித் தள்ளிப் போட்டுக்கிட்டே வரேன். கல்ல எடுத்தா படம் போயிடும்னு செல்வம் பயப்படுறான். எனக்குப் பயம் படத்த நெனச்சு இல்லீங்க, அந்தம்மாவ நெனச்சு.