பீங்கானில் வந்த மருந்து

நேற்றுக் காலை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடவில்லை. முந்தின நாள் கரண்ட் வந்தும் போயும் விளையாடியதில் அதன் உயிரும் போயிருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் உருகிய சூரை மீனின் வாடை முகத்தில் அடித்தது. மீன் போனால் போகட்டும். முட்டை வைக்கும் தட்டில் என்னுடைய இன்சுலின் குப்பி இருந்தது. எனக்கும் சீனி வருத்தம் வந்துவிட்டது. ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய்த் தேத்தண்ணியில் சீனியைக் குறையுங்கள் என்று புத்தி சொல்லித் திரிந்தவளுக்கு இப்படி. சிரிக்க விருப்பமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்துவிட்டேன். குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பின்வளவுக்குப் போய் மதிலோரம் நின்றேன். எதற்காக அங்கே போனேன் என்று நின்ற பிறகுதான் விளங்கியது. கால்களுக்கு வேறொரு வளவு ஞாபகம் வந்திருக்கிறது.

மீனும் ஐஸும் மருந்தும் ஒன்றாகக் கலந்த வாடை எனக்கு ரமீசா ராத்தாவின் ஃபிரிட்ஜ். ஆனால் அந்த ஃபிரிட்ஜுக்குப் போக முன்னர் ஒரு மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் கம்பஸுக்குக் கூப்பிடும் வரை காத்துக்கிடக்கும் காலமொன்று நம் நாட்டில் உண்டு. ஆண்பிள்ளைகளுக்கு அது கிரிக்கெட் காலம். பெண்பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பேசும் காலம். அந்தப் பேச்சுக்குத் தப்பி ஓட எனக்கும் என் சிநேகிதி பஸ்மியாவுக்கும் ஒரு நல்ல சாட்டுத் தேவைப்பட்டது. கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சீனி வருத்தத்துக்குக் கிளினிக் நடத்திய டொக்டரம்மா அந்தச் சாட்டைத் தந்தார். தான் எழுதிக் கொடுக்கும் மருந்து ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது, வீட்டுக்குள் போவதில்லை என்பது அவருடைய கவலை. சாப்பாட்டுக்கு முன் ஊசி போடு என்று எழுதுகிறோம், சாப்பாடு இருக்கிறதா என்று யார் கேட்பது என்று எங்களிடம் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் எங்கள் வேலை.

கிளினிக் வாசலில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், கால் ஆடும் மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். எங்களோடு டேனியலும் சேர்ந்தான். கல்முனை மெதடிஸ்த குடும்பத்துப் பையன். நல்ல சைக்கிளும் அதைவிட நல்ல பசியும் அவனிடம் இருந்தன. எந்த வீட்டு விலாசம் தேடிப் போனாலும் அங்கே பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருவான். சனங்கள் எங்கள் மேசையைப் ‘புள்ளயள்ட மேச’ என்றார்கள். வெறுங்கை முழம் போடாது என்பார்கள், எங்கள் மேசை வாயால் முழம் போட்டது. கண்ணாடி இலவசமாகக் கொடுப்பவர் யார், பள்ளிவாசலில் ஸகாத் அரிசி யாரிடம் கேட்பது, ஜீ.எஸ். என்கிற கிராம சேவகரைப் பிடிக்க எந்த நாள் நல்லது, எந்த முதலாளி தள்ளுவண்டிக் கதிரை வாங்கிக் கொடுப்பார் என்று விசாரித்து விசாரித்து, தேவை இருப்பவரையும் கொடுக்க மனசிருப்பவரையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம். டெட்டோலும் வெற்றிலையும் நனைந்த குடைகளும் மணக்கும் அந்த வாசல் இப்போதும் சில நேரம் என் மூக்குக்குள் வந்து போகிறது. அங்கே இருந்த சந்தோசம் பிறகு சம்பளம் வாங்கிச் செய்த எந்த வேலையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சுலைஹா மாமி அந்த மேசைக்கு வந்தது காலில் ஒரு சிறு புண்ணோடு. செருப்புக் கடித்தது என்றார். ஊசி போடுகிறார், சீனி குறையவில்லை. கேட்டுக்கொண்டு போனால், சுனாமியில் கடல் வந்து போன பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில் தனியாக இருக்கிறார். மூன்று பிள்ளைகளும் ஆண்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை மனைவி வீட்டோடு போய்விடுவான், உங்களுக்குத் தெரியும். மகள் இல்லாத உம்மாவுக்குக் கடைசியில் வீடுதான் துணை. மருந்துக் குப்பியை மண்சட்டியில் ஈர மணல் போட்டுப் புதைத்து வைத்திருந்தார். அஸ்பெஸ்டஸ் சீட் கூரைச் சூட்டில் அந்த மணல் காலையிலேயே காய்ந்துவிடும். மருந்து கெட்டுப்போயிருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு ஃபிரிட்ஜ்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் அது இருந்தது. ரமீசா ராத்தா குவைத்தில் வீட்டு வேலை செய்து உழைத்த காசில் வாங்கியது. அதில் சிவப்பும் பச்சையுமாக ஐஸ் பக்கட் போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார். பழைய ஊரில் என்றால் பக்கத்து வீடு என்பது சொந்தக்காரர் வீடு. வீட்டுத்திட்டத்தில் யார் யாரோ பக்கத்தில் வந்துவிட்டார்கள். அதனால் சுலைஹா மாமிக்குக் கூச்சம்.

“தெரியாத ஆக்கள்ட வீட்டுல என்ட மருந்த வெக்கிறதா மகள்?” என்றார்.

ரமீசா ராத்தாவிடம் பஸ்மியா போய்க் கதைத்தாள். அவளுடைய வாய்க்கு முன்னால் அரசாங்கக் கந்தோரே இறங்கி வரும். ராத்தாவோ முழுதாகக் கேட்கவும் இல்லை. முட்டைத் தட்டு சும்மாதான் கிடக்கிறது, தாருங்கள் என்று குப்பியை வாங்கி வைத்துக்கொண்டார். அன்று நாங்கள் சைக்கிளில் திரும்பி வந்த விதத்தைப் பார்த்திருந்தால், ஏதோ துறைமுகம் கட்டித் திறந்துவிட்டு வருகிறோம் என்று நினைத்திருப்பீர்கள்.

அடுத்த கிளினிக்கில் மாமியின் சீனி முன்னிலும் கூடியிருந்தது. டொக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டினார். அதற்கடுத்த கிளினிக்கில் அதுவும் போதவில்லை. புண் விரலிடுக்குக்குள் போய்விட்டது. டொக்டரம்மா எங்களைப் பக்கத்தில் கூப்பிட்டு, இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும், பிறகு பாதத்தையும் எடுக்க வேண்டி வரும் என்றார். கெடாத மருந்தைச் சரியாகப் போட்டும் ஏன் இப்படி என்று மூளையைக் கசக்கினோம். கடைசியில் நானும் பஸ்மியாவும் ஒருநாள் விடியற்காலையிலேயே மாமி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம்.

வேலியின் தென்னோலைக் கிடுகில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியே ரமீசா ராத்தாவின் கை வந்தது. கையில் ஒரு பீங்கான், அதை மூடி இன்னொரு பீங்கான். திறந்தால், ஒரு பக்கத்தில் குளிர்ந்த குப்பி. மறுபக்கத்தில் ஆவி பறக்கிற கிண்ணத்தப்பம், சீனியும் தேங்காய்ப்பாலுமாக. மாமி ஊசியைப் போட்டார். கிண்ணத்தப்பத்தை ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டார். பீங்கானைக் கழுவித் துடைத்து, தன் ஒரே கோழி இட்ட முட்டையைக் குப்பியோடு அதில் வைத்துத் திருப்பி நீட்டினார். ஒவ்வொரு நாளும் இதுதான் நடந்திருக்கிறது. ஒருநாள் தொதல், ஒருநாள் வாழைப்பழப் பணியாரம், வெள்ளிக்கிழமை என்றால் வட்டிலப்பம்.

எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெறும் பீங்கான் வேலி தாண்டக் கூடாது என்பது நாங்களும் வளர்ந்த முறைதான். நோன்புக் கஞ்சி வந்த சட்டி வெறுமையாகத் திரும்பினால் என் உம்மா மூன்று நாளைக்குக் கதைக்கமாட்டார். அந்த முறையை மேசையில் இருந்த எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. ரமீசா ராத்தாவிடம் கேட்டால் அவருக்கு எங்கள் கேள்வியே விளங்கவில்லை.

“மருந்த மட்டும் நீட்டுறதுக்கு இது என்னகா, ஆஸ்பத்திரியா?” என்றார்.

அவரை உட்கார வைத்து, சீனி வருத்தம் என்றால் என்ன என்று ஆதியோடந்தமாக விளக்கினோம். இனிமேல் குப்பியை மட்டும் கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றோம். அவர் முகம் சுருங்கிப்போனது, ஆனாலும் தலையாட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்று டேனியல் எங்களுக்குக் கல்முனைச் சந்தியில் சர்பத் வாங்கித் தந்தான்.

அது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிப்போனது. அடுத்த கிளினிக்குக்கு மாமி வரவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு அவருடைய மூத்த மகன் ஓட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். சீனி உச்சத்தில். பாதம் வீங்கி, புண் மணத்தது. ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசி போடவில்லையா மாமி என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பீங்கான் வெறுமையா வந்திச்சி மகள். மருந்து மட்டும். அவட மனசுக்கு நான் பாரமாப் போயித்தன் எண்டு விளங்கிச்சி. மறுகா நான் வேலிப் பக்கம் போகல்ல.”

கால் போனாலும் பரவாயில்லை, கை நீட்டக் கூடாது என்று இருந்திருக்கிறார். இனிப்பை நிறுத்தச் சொன்னோம். அந்தப் பீங்கானில் இனிப்போடு வேறு என்னவெல்லாம் வந்துகொண்டிருந்தது என்று எங்களுக்குத் தெரியாமல் போனது.

பஸ்மியா அன்றைக்கே ரமீசா ராத்தாவிடம் ஓடினாள். அங்கே ராத்தாவும் அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறார். தன்னுடைய சாப்பாட்டால்தான் கால் கெட்டது, அந்தக் கோபத்தில்தான் மாமி வேலிக்கு வருவதில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், ஒருவர் மனசை ஒருவர் நோகடித்துவிட்டதாக நினைத்து, இடைவெளியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நடுவில் முட்டைத் தட்டில் அந்தக் குப்பி.

மறுநாள் பின்னேரம், நோயாளர் பார்க்கும் நேரத்தில், ரமீசா ராத்தா வாட்டுக்கு வந்தார். முந்தானைக்குள் மூடிய பீங்கான். அதே பீங்கான்தான், ஓரத்தில் நீலப்பூ. தாதி கண்டால் ஏசுவாரென்று நாங்கள் மூவரும் கட்டிலை மறைத்து நின்றோம். ராத்தா மூடியைத் திறந்தார். குரக்கன் பிட்டும், பாகற்காய்ச் சுண்டலும். பக்கத்தில் இரண்டு ஐஸ் பக்கட்டுக்கு நடுவே அந்தக் குப்பி. வாட்டில் மருந்து கொடுக்கிறார்கள், குப்பியைக் கொண்டுவரத் தேவையே இல்லை. ஆனால் அதை அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

சுலைஹா மாமி ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றுகொண்டே ராத்தாவின் முகத்தைப் பார்த்தார்.

“கசக்குது” என்றார்.

“ஓம் மாமி. இனிமக் கசக்கத்தான் செய்யும்” என்றார் ராத்தா. “ஆனா ஒவ்வொரு நாளும் வரும்.”

இரண்டு பேரும் அழுதார்கள். பஸ்மியாவும் அழுதாள். மிச்சப் பிட்டு எங்கே போகும் என்று பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்த டேனியல்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சின்ன விரலை எடுக்க வேண்டி வந்தது. பாதம் தப்பியது. மாமி நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தார், பீங்கானும் வரத் தொடங்கியது. வல்லாரைச் சம்பல், முருங்கையிலைச் சுண்டல், குரக்கன் ரொட்டி. ஆனால் திரும்பிப் போகும் பீங்கானில் வைக்க மாமியிடம் ஒன்றும் இல்லை. முட்டையை நீங்கள்தான் சாப்பிட வேண்டும் என்று டொக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முற்றத்து மூலையில் ஒரு மருதோன்றி மரம் நின்றது. அதில் ஒரு கொத்து ஒடித்துக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்து அனுப்பினார். அன்றைக்கும் அதுதான், மறுநாளும் அதுதான். கிடைத்ததை வீணாக்கலாமா என்று ராத்தாவும் அரைத்து அரைத்துப் பூசிக்கொண்டார். ஐஸ் பக்கட் எடுத்துக் கொடுக்கும் அந்தக் கைகள் வருசம் முழுக்கச் சிவந்திருந்தன. ஒவ்வொரு நாளும் உங்கள் வீட்டில் பெருநாளா என்று பிள்ளைகள் கேட்பார்களாம்.

அதற்குள் எங்களுக்குக் கம்பஸ் கடிதம் வந்தது, மேசையை அடுத்த வருசப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போனோம். அவர்களும் யாரிடமோ கொடுத்திருப்பார்கள். எந்த வருசத்தில் அது இல்லாமல் போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தண்ணீர்த் தாங்கி நின்ற இடத்தில் இப்போது புதுக் கட்டடம் நிற்கிறது. போன கிழமை எனக்கு மருந்து கொடுத்த பிள்ளை, ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று சொன்னாள். ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அவள் மேல் பிழையில்லை, எல்லோர் வீட்டிலும் இருக்கிறதுதானே. சுலைஹா மாமி நல்ல வயசுக்கு இருந்து, சொந்தப் பாதங்களோடு மௌத்தானார். ரமீசா ராத்தா மகளோடு பொத்துவில் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. கிடுகு வேலிகள் போய் வீட்டுத்திட்டம் முழுவதும் மதில். டேனியல் கனடாவில் இருக்கிறான், பசியைப் பற்றி இப்போதெல்லாம் கதைப்பதில்லை. பஸ்மியாவோடு கதைத்து மாசக்கணக்கு. அவர்களையெல்லாம் ஒரே ஒருநாள் அந்த ஆடுகிற மேசையில் திரும்ப உட்கார வைக்க முடிந்தால், என்னிடம் இருப்பதில் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

நேற்றுக் குப்பியோடு மதிலோரம் நின்றேன் என்று சொன்னேன் அல்லவா. அந்தப் பக்கத்துக் குசினியில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இத்தனை வருசம் பக்கத்தில் இருந்தும் அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. போய்க் கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார், அது நிச்சயம். ஆனால் முதல் தடவை போகிறேன், வெறுங்கையோடு எப்படிப் போவது? உள்ளே வந்து ஒரு பீங்கானைத் துடைத்துக் குப்பியை அதில் வைத்தேன். பக்கத்தில் வைக்க அடுப்பில் ஒன்றும் ஆகவில்லை, மீனும் பழுதாகிவிட்டது. ஒரு கொத்து மருதோன்றியாவது கிடைக்குமா என்று பீங்கானோடு முற்றத்தைச் சுற்றி வந்தேன். முற்றம் முழுவதும் நாங்களே ஆசையாகப் பதித்த கல்.