ஒரு சாண் நகர்ந்த ஃபேன்

தகர வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. கண்டியில் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போன அன்று தையல் வகுப்பு நிரம்பிவிட்டிருந்தது. தகட்டு வேலை வகுப்பில் இடம் கிடந்தது. பொம்பிளைக்கு எதற்கு இது என்று கேட்டவர்களுக்கு அன்றும் பதில் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை. பிலிமத்தலாவையில் ஒரு பட்டறையில் ஆறு வருடம் மழைநீர் வடியும் கூரைப் பீலியும் புகைக்கூண்டும் செய்தேன். பிறகு தனியாக ஒரு கொட்டகை எடுத்தேன்.

முதல் பெரிய வேலை பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிடைத்தது. தேயிலை காயவைக்கும் இயந்திரத்திலிருந்து ஃபேனுக்குப் போகும் காற்றுக் குழாய் இற்றுப்போயிருந்தது. கீழே அகலம், மேலே ஒடுக்கம், நடுவில் வலப்பக்கமாகவும் பின்பக்கமாகவும் ஒரு சாய்வு. அதைச் சரியாகச் செய்தால் மற்றத் தொழிற்சாலைகளும் கூப்பிடும். பிழைத்தால் மறுபடி பீலிதான்.

இந்த மாதிரிக் குழாய்க்கு முதலில் கடதாசியில் உரு வெட்டி, அதைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போடுவோம். எந்த முகம் குழாயின் உள்ளே வரும் என்பதற்கு அடையாளமாக 'உள்' என்று எழுதிவைப்பது வழக்கம். நான் எழுதவில்லை. தலைக்கனம், வேறொன்றுமில்லை.

தொழிற்சாலை ஓடாத ஞாயிற்றுக்கிழமை குழாயைத் தூக்கி வைத்தோம். அடிவாய் கச்சிதமாக உட்கார்ந்தது. மேல்வாய் ஃபேனுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கடதாசியைக் கவிழ்த்து வைத்து வெட்டியிருக்கிறேன். குழாய் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. எப்படித் திருப்பினாலும் பொருந்தாது. மறுநாள் காலையில் இயந்திரம் ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் அறையில் வாடிக் கிடக்கும் கொழுந்து அத்தனையும் வீண்.

தொழிற்சாலையின் பொறுப்பாளரான டீமேக்கர் வந்து என்ன பிரச்சினை என்று கேட்டார்.

"ஃபேன தள்ளிப் பூட்டியிருக்காங்க போல, சேர்," என்றேன்.

நான் அளவெடுத்த பிறகு ஃபேனைப் புதிதாக மாற்றிப் பூட்டியவர் தொழிற்சாலை ஃபிட்டர். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா. டீமேக்கர் அவரை எல்லோர் முன்னாலும் ஏசினார். மாமா ஸ்பேனரை எடுத்தார். போல்ட்டுகளைக் கழற்றி, கொங்கிரீட்டில் புதிதாகத் துளை போட்டு, ஃபேனை ஒரு சாண் நகர்த்தினார். பின்னேரம் குழாய் பொருந்தியது. டீமேக்கர் என் வேலையைப் புகழ்ந்தார்.

அதைப் பார்த்துத்தான் அடுத்தடுத்து மூன்று தொழிற்சாலைகள் கூப்பிட்டன. இன்று கொட்டகையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். மாமாவை அந்த வருடம் தலைமை ஃபிட்டராகப் போடுவதாக இருந்தது, வேறொருவரைப் போட்டார்கள். அம்மா அதைச் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் கூடுதலாக இருந்தது.

போன மாதம் அதே தொழிற்சாலைக்கு இன்னொரு குழாய் அளக்கப் போனேன். டேப்பின் மறுமுனையை மாமா பிடித்தார். பக்கத்தில் யாரும் இல்லை. கடைசி அளவையும் எழுதிய பிறகு சொன்னேன்.

"மாமா, அன்னைக்கு ஃபேன் சரியாத்தான் இருந்திச்சு."

"தெரியும் புள்ள."

அப்போதே டீமேக்கரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் டேப்பை என் பக்கம் விட்டார்.

"நீ சொல்லுவியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.