பண்டிகை வீடும் பனியன் துண்டும்

எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை யாரும் நினைக்காத ஆள் எலக்ட்ரீசியன். தீபாவளி நெருங்கினால் மட்டும் ஊரே நினைக்கும். திருப்பூரில் இருபது வருடமாக வீட்டு ஒயரிங் பார்க்கிறேன். நான் சொல்லப்போவது உங்கள் வீட்டிலும் இருக்கும், மறைக்க வேண்டாம்.

மஞ்சள் முடிச்சு

எங்கள் ஊரில் எது அறுந்தாலும் பனியன் கட்டிங்கில் மிஞ்சும் துண்டை எடுத்துக் கட்டிவிடுவோம். பை கிழிந்தால் துண்டு, கட்டில் ஆடினால் துண்டு. அதே கையோடு ஒயரையும் கட்டுவதுதான் என் தலைவலி. காய்ந்திருக்கும்வரை துணி சும்மா இருக்கும். ஈரம் பட்டால் கரண்ட் அதன் வழியே வெளியே வந்துவிடும்.

எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு லைன் வீடு, வரிசையாக எட்டுக் குடும்பம். அங்கே குடியிருக்கும் செல்வி தென்காசிப் பக்கத்துக்காரர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு அயர்ன் பாக்ஸைச் சரிசெய்யக் கூப்பிட்டார். ஒயரின் ஒட்டில் மஞ்சள் துண்டு ஒன்று அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்த்துத் தூக்கிப் போட்டேன். ஒரு சுருள் இன்சுலேஷன் டேப்பைக் கொடுத்து, இனி இதைத்தான் சுற்ற வேண்டும் என்றேன். அவர் அந்தத் துண்டைப் பொறுக்கி மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்: "இது எக்ஸ்போர்ட் துணி அண்ணாச்சி, அம்புட்டு லேசுல அறாது."

ஒன்றும் ஆகாத வீடு

அந்த எட்டையும் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் முன்பக்கம் குடியிருக்கிறார். தங்கமான மனிதர், புதிதாக ஒன்றை மாட்ட வேண்டும் என்றால் மட்டும் காது கேட்காது. கரண்ட் கசிந்தால் அந்த நொடியே மொத்தத்தையும் அணைத்துவிடும் டிரிப்பர் ஒன்றை மீட்டர் பக்கத்தில் மாட்டலாம் என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன். பொங்கல் போகட்டும் என்பார். பொங்கல் போனதும் ஆடி போகட்டும் என்பார்.

அதே வாரம் அவருடைய தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தது. எனக்கும் கொஞ்சம் திமிர் உண்டு. டிரிப்பருக்குச் சம்மதித்தால்தான் மோட்டாரில் கை வைப்பேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வீட்டு ஜனமும் புழங்குகிற வாசல், எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். வேறு வழியில்லாமல் சம்மதித்து, மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றவர் கடைசியில் கேட்டார்: "ஏனுங்க, இத்தனை வருசத்துல இந்த ஊட்ல ஒண்ணுமே ஆவலைங்களே?"

பெட்டி விழுந்த காலை

தீபாவளியன்று இட்லித் தட்டில் கை வைத்தேன், செல்வியிடமிருந்து போன். எட்டு வீட்டிலும் கரண்ட் இல்லை, நான் மாட்டிய டிரிப்பர் பெட்டியின் சுவிட்சை எத்தனை முறை தூக்கிவிட்டாலும் விழுந்துவிடுகிறது, நல்ல நாளில் இப்படிச் செய்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார்.

போனேன். விடியற்காலைத் தூறலில் வாசல் நனைந்து கிடந்தது. துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் சீரியல் லைட் செட்டைக் கட்டியிருந்தார்கள். அதன் ஒயரை ஒட்டுப் போட்ட இடத்தில் அதே மஞ்சள் துண்டு, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈரத் துணி வழியே கரண்ட் அந்த இரும்புக் கம்பிக்கு வந்திருக்கிறது. டேப் எங்கே என்று செல்வியைக் கேட்டேன். ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் பலகாரம் அனுப்பிய அட்டைப்பெட்டியில் ஒட்டித் தீர்த்துவிட்டாராம்.

கரண்ட் போனபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். ஈரச் சேலையை அந்தக் கம்பியில் போட்டிருக்கிறார், வெறுங்காலோடு. டிரிப்பர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விளக்கவில்லை. வீட்டுக்காரரும் வந்து நின்றார். செல்வி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கையில சுள்ளுன்னுச்சு அண்ணாச்சி. வளையல் குத்திட்டுன்னுல்லா நெனச்சேன்."

எங்கள் வீட்டில்

திரும்பி வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜனங்களுக்கு உயிர்மேல் பயமே இல்லை என்று நான் கத்திக்கொண்டிருக்க, அவள் சட்னி அரைக்க மிக்ஸியை எடுத்து வைத்தாள். அதன் ஒயரில் ஒரு சிவப்புத் துண்டு. இதை யார் கட்டியது என்று சீறினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்கதானுங்க கட்டுனீங்க, போன தீவாளிக்கு. டேப்பு வாங்கியாரேன்னு போனீங்க, இன்னும் வரலீங்க."

இருபது வருடமாக ஊரார் வீட்டு முடிச்சுகளை அவிழ்த்தவனுக்கு, அன்று சொந்த வீட்டு முடிச்சை அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆனது, எக்ஸ்போர்ட் துணி அல்லவா.