என் காலும் அவர் கேனும்

எனக்குக் கார் ஓட்ட நன்றாகத் தெரியும். இதை அடக்கமாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கிணத்துக்கடவிலிருந்து கோவைக்கு விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி, எதிர்ப்பக்கத்தில் கண்ணைக் கூசவைக்கும் விளக்கோடு வரும் லாரிகளைச் சமாளித்து, எதற்கென்றே தெரியாமல் குறுக்கே வரும் பைக்குகளையும் தாண்டி, ஒரு கீறல்கூட விழாமல் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். அதுவும் புது வண்டி இல்லை. என் சம்பாத்தியத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டீசல் கார். இப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர், "அந்தக் காரு உன்ற காலுக்குத் தாங்கல அம்மணி" என்றார்.

வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்வது என் தொழில். பக்கவாதம் வந்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள், விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள். மடக்குக் கட்டில், மின் சிகிச்சைப் பெட்டி, எடைப் பைகள் எல்லாம் காரின் பின்னால் இருக்கும். அதையெல்லாம் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. கார் இல்லையென்றால் என் தொழில் இல்லை. எவருடைய கிளினிக்கிலாவது சம்பளத்துக்கு உட்கார்ந்து, "டாக்டர் சொன்னாருங்களா, சீட்டு இருக்குதுங்களா" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அது எனக்கு ஒத்துவராது.

ஐப்பசி மழை முடிந்த கையோடு கார் படுத்தத் தொடங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் இருமும், நடுங்கும், அணைந்துவிடும். கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பினால் மேம்பாலத்தில் ஏறும்போது இழுக்காது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே என் குலத்தை விசாரித்தார்கள். மதியம் வெயில் ஏறிய பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாததுபோல ஓடும். எங்கள் ஊர் மெக்கானிக் ஒரு பாட்டில் மருந்தை டேங்கில் ஊற்றிப் பார்த்தார். ஃபில்டரை மாற்றினார். பிறகு, "இன்ஜெக்டருதானுங்க அடைச்சிருக்கும்" என்று கையை விரித்துவிட்டார்.

என் முதல் வீடு சுந்தராபுரத்தில். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. நான் வருவதற்கு முன்பே சட்டையைக் கழற்றிவிட்டுக் கையைத் தலையணை மேல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு நாள் நான் போய்ச் சேர்ந்தபோது அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். எழுப்பியதும், "நாளைக்கும் லேட்டாகுமுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதை என்னை அறுத்துவிட்டது.

வீட்டுக்காரர் கொப்பரையும் தேங்காய் எண்ணெயும் வியாபாரம் செய்கிறார். வீட்டை ஒட்டியே கொப்பரை காயவைக்கும் களம் இருக்கிறது. காரை அவருடைய மாமன் மகன் கேட்டிருந்தார். பொங்கல் கழிந்ததும் கொடுத்துவிடலாம் என்று என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்.

"கிளட்சு மேலயே காலை வெச்சு ஓட்டுனா எந்த வண்டிதான் தாங்கும்? பேசாம ஆஸ்பத்திரில வேலைக்குச் சேர்ந்துக்க. பஸ்ஸு ஊட்டு முன்னாலயே நிக்குது."

"பொங்கலுக்குள்ள சரி பண்ணிக் காட்டறேனுங்க" என்றேன். "பண்ணலீன்னா வித்துப்போடுங்க."

கோபத்தில் சொன்னதுதான், ஆனால் சொன்ன பிறகு பின்வாங்கும் பழக்கம் எனக்கில்லை. வேறு ஒன்றும் என் மனதில் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் முழுக்க அந்தக் கார் கொடுத்த மைலேஜை யாரும் நம்ப மாட்டார்கள். டீசல் முள் இறங்கவே இறங்காது. உறவுக்காரர்கள் கூடும் இடங்களிலெல்லாம் நான் அதைச் சொல்வேன். எல்லாம் கால் பக்குவம், ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது, தொடணும் என்று பாடமே எடுத்திருக்கிறேன். அந்தக் காலைத்தான் இவர் குறை சொல்கிறார்.

சுந்தராபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, இன்ஜெக்டர் வேலை மட்டுமே பார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. கண்ணாடி அறைக்குள் மெஷின்கள், வெளியே நாற்காலிகள், ஒரு காபி ஃபிளாஸ்க். முதலாளி என் வயதுக்காரர். இன்ஜெக்டர்களைக் கழற்றி எடுத்து, கழுவும் முன்பே மெஷினில் மாட்டி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நல்ல இன்ஜெக்டர் டீசலை எஞ்சினுக்குள் புகைபோலச் சிதறவிட வேண்டும். என்னுடையவற்றில் ஒன்று கோணலாகப் பீய்ச்சியது. இன்னொன்று மூக்கு ஒழுகுவதுபோலச் சொட்டியது. மூன்றாவதன் முனையில் கரி கெட்டியாகப் பிடித்திருந்தது. கையைத் தூக்கச் சொன்னால் தோளைத் தூக்கும் என் நோயாளிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். இதைச் சரி செய்ய முடியும் என்று அப்போதே எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு வந்த முதலாளி, காபி ஊற்றிக் கொடுத்தார். ஊர் எது என்று கேட்டார். தோப்பு இருக்கிறதா என்றார். களம் இருக்கிறதென்றதும் கொப்பரை விலையைக் கேட்டார். மழையில் காய் காய்வது சிரமம்தான் என்றார். ஏதோ கேட்க வந்து கேட்காமல் சுற்றுகிறார் என்பது புரிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு சுற்ற மாட்டார்கள்.

"ஏனுங்க, எதுவா இருந்தாலும் நேராவே கேளுங்க."

"தப்பா நெனைச்சுக்காதீங்க மேடம். வண்டிக்கு டீசல்தானுங்களே போடறீங்க?"

"பின்ன மோரா ஊத்துவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தார். "வந்து வாசம் பாருங்க."

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி மூக்கை வைத்தேன். எங்கள் வீட்டு வாசம்தான் அடித்தது. பணியாரச் சட்டி காயும் வாசம், அதன் அடியில் பழைய எண்ணெயின் சிக்கு வாடை. அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. டீசல் மெஷினில் எங்கள் வீட்டு வாசம் எதற்கு அடிக்க வேண்டும்?

"தேங்கா எண்ணெயிங்களா?"

"கழட்டும்போதே தெரிஞ்சுதுங்க" என்றார். "களத்துக்காரங்க, தெரிஞ்சேதான் கலக்கறீங்களாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்களேன்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எங்கள் ஆட்களின் மரியாதை இருக்கிறதே, அதற்குப் பயந்துகொண்டு நோய்கூடத் தன் பெயரைச் சொல்லாது. அவரைவிட என் மூக்கின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். எங்கள் வீட்டில் துணி, தலையணை, பணம் எல்லாமே தேங்காய் வாசம்தான். என் நோயாளிகள் நான் படியேறும்போதே மணம் வருகிறதென்பார்கள். பின்னால் புகையும் தேங்காயாக மணந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

டேங்கைக் காலி செய்து, கழுவி, புது டீசல் ஊற்றச் சொன்னேன். பழையதில் ஒரு பாட்டில் பிடித்து வாங்கிக்கொண்டேன். கழுவிய இன்ஜெக்டர்களை மறுபடி மெஷினில் மாட்டிக் காட்டினார். எல்லாம் ஒன்றுபோலச் சிதறவிட்டன. வீட்டுக்கு வரும் வழியில் ஆக்சிலரேட்டரைத் தொட்டேன், மிதிக்கவில்லை. வண்டி பறந்தது.

பாட்டிலை நேராக ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்தபோது அடிப்பாதி வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. காலைக் குளிரில் டேங்குக்குள்ளும் இப்படித்தான் உறைந்திருக்கும். வீட்டுக்காரர் காபி குடிக்க உட்கார்ந்ததும் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். என்ன பேச வேண்டும் என்பதை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். களத்து ஆட்களில் எவனோ டீசலைத் திருடிவிட்டு எண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறான், உங்கள் களத்தை உங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை, என் காலைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்கள் என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

"உங்க மாமன் மவங்கிட்டச் சொல்லிப்போடுங்க. கோளாறு என்ற கால்ல இல்லீங்க. காருக்குள்ள தேங்கா எண்ணெய்."

அவர் பாட்டிலைக் கையில் எடுத்தார். சாய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து ஷெட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே ஒரே மாதிரி கேன்கள் வரிசையாக நின்றன. டிராக்டருக்கு வாங்கி வைத்த டீசலும், சோப்புக்காரர்களுக்காக ஒதுக்கிய பழைய எண்ணெயும். ஐப்பசியில் கூரை ஒழுகியதென்று எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள்.

"நாந்தான் ஊத்துனேன்" என்றார்.

"எங்கீங்க ஊத்துனீங்க?"

"உன்ற வண்டில. ஞாயித்துக்கெழமையானா ஊத்துவேன். நீ தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு இருக்கறப்ப."

எத்தனை நாளாக என்று கேட்டேன். வண்டி வாங்கியதிலிருந்தே என்றார். காலங்காத்தாலே பெட்ரோல் பங்கில் லாரிகளுக்குப் பின்னால் நின்றால் முதல் வீட்டுக்கு நேரமாகிவிடுமே என்று, டீசல் கேனிலிருந்து ஊற்றி வந்திருக்கிறார். கேன்கள் இடம் மாறியது அவர் கவனத்துக்கு வரவில்லை. அவர் மூக்கும் என் மூக்கைப் போலத்தானே. நான் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணில் நீர் வந்தது. அதற்கும் எரிச்சலாக இருந்தது.

"மைலேஜ், மைலேஜுன்னு ஊரெல்லாம் பேசிட்டிருந்தனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சந்தோசமாப் பேசிட்டிருந்தே. அதை எதுக்குக் கெடுக்கறது."

"அப்பறம் என்ற காலைக் குத்தஞ் சொன்னீங்களே?"

"அது வேற" என்றார். அங்கேயே நின்று மாமன் மகனுக்குப் போன் செய்தார். "வண்டி இல்லப்பா. அம்மணிக்கு வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் கிளம்பினேன். சாவியைத் திருப்பியதுமே வண்டி எடுத்துக்கொண்டது. சுந்தராபுரத்து வீட்டுக்குப் போனபோது பஞ்சாலைக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு நேரத்திலயே வந்துட்டீங்களே" என்றார். இனிமேல் இப்படித்தான் வருவேன் என்று சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வாசலுக்கு வந்தேன். காரின் பக்கத்தில் கேனோடு நின்றிருந்தார். எண்ணெய்க் கேன்களின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார், இதில் கயிறு இல்லை. ஆனாலும் டேங்கைத் திறக்காமல் எனக்காகக் காத்திருந்தார். நான் பக்கத்தில் வந்ததும் கேன் மூடியைத் திருகி என் மூக்குக்கு நேராக நீட்டினார். நிதானமாக மோந்து பார்த்தேன்.

"டீசல்தானுங்க" என்றேன். "ஊத்துங்க."